மரியோ விழுந்த கணக்கு!

இருபது விநாடிகூட ஆகாத ஒரு காரியம். அதைச் செய்து முடிக்க மனிதர்களுக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

ராக்கெட் இல்லை. மேம்பாலம் இல்லை. அரசாங்க ஃபைலும் இல்லை (ஃபைல் என்றால் ஆறு வருஷம் ரொம்ப வேகம்). ஒரு வீடியோ கேம். அதில் ஒரே ஒரு லெவல். பெயர் 'ட்ரிம்மிங் த ஹெர்ப்ஸ்'. கீரை ஆய்கிற மாதிரி சாதுவான பெயர்தான். 2017-ல் ஒரு ரசிகர் அதைக் கட்டி உலகத்தின் முன்னால் வைத்தார். 2024 ஏப்ரல் மாதம் வரை அவரைத் தவிர ஒருத்தர்கூட அதைத் தாண்டவில்லை. அவராவது தாண்டினாரா என்பதில் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், பொறுங்கள்.

இப்போது கேள்வி இதுதான். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு கஷ்டம் என்பதை எப்படி அளப்பது? 'இருபது விநாடி' என்றால் 'ப்பூ, இவ்வளவுதானா' என்று தோன்றுகிறது. 'ஆறு வருஷம்' என்றால் தலையைச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே லெவலின் கணக்கு. இரண்டும் உண்மை!

எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. பகலெல்லாம் ஆபீஸ். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் மரியோ. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எத்தனை தடவை விழுந்தேன், எந்தப் பள்ளத்தில் விழுந்தேன், எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து சீட்காரர் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். அவர் ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அந்த மீசைக்காரன் குழியில விழறதுக்குக்கூட லெட்ஜரா?" என்றார். ஆமாம் சார், லெட்ஜர்தான். ஏன் என்று கேளுங்கள்.

கம்பெனி செய்ததல்ல, ரசிகர் செய்தது

முதலில் பிளாட்ஃபார்ம் கேம் என்றால் என்ன? எழும்பூர் ஸ்டேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குத் தாவித் தாவிப் போகிற ஆட்டம். இந்த ஜாதியில் ராஜா, ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. 1990-ல் வந்த 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' அதன் வாரிசு.

கம்பெனி விட்ட இடத்தில் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2000-ல் 'லூனார் மேஜிக்' என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. 'மரியோ வேர்ல்ட்' ஆட்டத்தின் வயிற்றைத் திறந்து, பழைய லெவல்களை எடுத்துவிட்டு, நம் இஷ்டத்துக்கு மேடையும் குழியும் வைக்கலாம். படம் அதேதான், பாட்டு அதேதான், கதை நம்முடையது.

2007-ல் ஒரு ஜப்பானியர், தன் நண்பனை ஆடவைத்துப் பார்ப்பதற்கென்றே இப்படி ஒன்று செய்தார். நண்பன் என்றால் எவ்வளவு பாசம் பாருங்கள்! நிம்மதியாகத் தாவப் போனால் தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டை இருக்கும். 'டங்' என்று இடித்துக் குழிக்குள் விழவேண்டியது. லெவல் முடிந்துவிட்டது, எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டால், அதற்கப்புறமும் ஒரு ஆபத்து காத்திருக்கும். அந்த வீடியோக்கள் உலகம் சுற்றின. 'கைஸோ' என்றால் ஜப்பானிய மொழியில் மாற்றிச் செய்தது என்று அர்த்தம். அதுவே இந்த மாதிரி ராட்சச ஆட்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதே 2007-ல் வந்த பூனை ஆட்டம் 'ஷோபோன் ஆக்‌ஷன்' ('கேட் மரியோ' என்றால் பலருக்குத் தெரியும்) இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் செத்துக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் உயிர் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் போகும். என் பேங்க் பாஸ்புக் மாதிரி.

பிறகு 2015-ல் நின்டென்டோவே, 'சரி, நீங்களே கட்டுங்கள்' என்று 'சூப்பர் மரியோ மேக்கர்' என்ற ஆட்டத்தை விற்றது. சின்னப் பையன்கள், தாத்தாக்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் எல்லோரும் லெவல் கட்டினார்கள். லட்சக்கணக்கில் ஆட ஆள் இருந்தார்கள். எது சுலபம், எது கஷ்டம் என்று யாராவது போர்டு மாட்டித்தானே ஆகவேண்டும்?

கடிகாரம் சொல்லும் பொய்

நேரத்தை அளப்பதில் என்ன கஷ்டம், கடிகாரத்தைப் பார்த்தால் போயிற்று என்பீர்கள். எந்தக் கடிகாரத்தை?

1985 மரியோவில் திரையின் மேல் மூலையில் 400-லிருந்து எண்கள் குறைந்துகொண்டே வரும். 400 விநாடி என்றுதானே நினைப்போம்? ஒவ்வொரு எண்ணும் நம் ஊர் விநாடியில் சுமார் 0.4-தான். ஆக 400 என்பது உண்மையில் 160 விநாடி. வாட்ச்மேன் கையிலிருக்கும் கடிகாரமே ஃபாஸ்ட்!

அடுத்தது நாடு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அந்தக் கால டி.வி. விநாடிக்கு 60 தடவை படம் போட்டது. ஐரோப்பாவில் 50. ஆட்டத்தின் இதயத்துடிப்பு அந்தப் படங்களோடு கட்டப்பட்டது. கம்பெனி சரிசெய்யாமல் அப்படியே அனுப்பிய ஆட்டங்கள், 50 டி.வி.யில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. நம்முடைய பழைய டி.வி.க்களும் 50 ஜாதிதான். ஆகவே ஒருத்தர் 10 நிமிஷத்தில் முடித்தேன், இன்னொருத்தர் 12 நிமிஷம் ஆயிற்று என்றால், இரண்டு பேரும் ஒரே அளவு திறமைசாலிகளாக இருக்கலாம். பெட்டிதான் வேறு.

இன்னொரு தமாஷ். அதே பழைய மரியோவில், ஒரு லெவலை முடித்ததும் அடுத்ததற்குப் போகலாமா என்று 21 படத்துக்கு ஒரு தடவைதான் மெஷின் எட்டிப் பார்க்கும். அதாவது சுமார் மூன்றில் ஒரு விநாடிக்கு ஒரு முறை. ஆட்டக்காரர்கள் இதை பஸ்ஸுக்கு ஒப்பிடுவார்கள். நீங்கள் மூச்சிரைக்க ஓடிவந்து ஸ்டாப்பில் முன்னாடியே நின்றாலும், பஸ் அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். சாவகாசமாக வந்து கடைசி நொடியில் தொற்றிக்கொண்டவரும் அதே பஸ்ஸில்தான் வருவார். இந்த ஆட்டத்தை முழுதாக 4 நிமிஷம் 55 விநாடிக்குக் கீழே முதன்முதலில் முடித்தவர் 'நிஃப்ட்ஸ்கி' என்ற புனைபெயர்க்காரர், 2021-ல். லெவலுக்கு லெவல் ஒரு பஸ் முன்னாடி பிடிப்பது எப்படி என்று பல பேர் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதன் பலன் அது.

இதனால்தான் ரசிகர் செய்த ஆட்டங்களில் பலர் நேரம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. 'எத்தனை வாசல்' என்பார்கள். 'மரியோ வேர்ல்ட்' அசலில், லெவல்களை முடிக்கும் வழிகள் மொத்தம் 96. ரசிகர் ஆட்டம் 10 வாசல் என்றால் சின்னது, 100 என்றால் பெரியது. இது நீளம் சொல்லும், கஷ்டம் சொல்லாது. பத்துப் பக்கத்தில் திருக்குறள் உரையும் எழுதலாம், பத்துப் பக்கத்தில் லாண்டரிக் கணக்கும் எழுதலாம் இல்லையா?

மலை உச்சியில் எடுத்த சர்வே

'சரி, ஆடி முடித்தவர்களைக் கேட்டு சராசரி போட்டுவிடலாமே?' நல்ல யோசனை. ஐந்து பேரைக் கேட்போம், சும்மா ஒரு பேச்சுக்கு. 20 நிமிஷம், 25, 30, 35 என்கிறார்கள் நாலு பேர். ஐந்தாமவர் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்று ஆறரை மணி நேரம், அதாவது 390 நிமிஷம் ஆடியிருக்கிறார். கூட்டினால் 500. சராசரி 100 நிமிஷம். அந்தக் கூட்டத்தில் 100 நிமிஷம் ஆடிய ஆள் ஒருத்தர்கூட இல்லை! வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 30 என்பார். அவர் சொல்வதுதான் நியாயம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பழனி மலை உச்சியில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் 'ஏறுவது கஷ்டமாக இருந்ததா?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? 'முருகன் அருளால் ஏறிட்டேன் சார்' என்பார்கள். பாதிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர் சர்வேயில் வரவே மாட்டார். விளையாட்டிலும் அதேதான். பொறுக்க முடியாத கஷ்டமான ஆட்டத்தை முடிப்பவர்கள் கில்லாடிகள் மட்டும்தான். அவர்கள் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். ஆகவே ராட்சச ஆட்டத்தின் சராசரி நேரம், சாதா ஆட்டத்தைவிடக் குறைவாகக்கூட வரலாம். என் நோட்டில் 'விட்டுவிட்டுப் போனவர்' என்று தனியாக ஒரு காலம் போட்டிருப்பது இதற்காகத்தான்.

ஒரு சதவிகிதத்துக்குள் எத்தனை கதை!

'மரியோ மேக்கர்' வேறொரு அளவுகோல் வைத்தது. கிளியர் ரேட். எத்தனை தடவை ஆடப்பட்டது, அதில் எத்தனை தடவை முடிக்கப்பட்டது என்ற விகிதம். பார்க்க ரொம்ப நாணயமான எண். உள்ளே போனால் வேடிக்கை.

10 பேர் ஒரு லெவலை ஆளுக்கு 100 தடவை ஆடி, நூறாவது தடவை முடிக்கிறார்கள். 1,000-க்கு 10. அதாவது 1 சதவிகிதம். இன்னொரு லெவலை 1,000 பேர் ஆளுக்கு ஒரே தடவை ஆடுகிறார்கள். 10 பேர் முடித்துவிட்டார்கள், மிச்சப் பேர் 'சீ, போர்' என்று எழுந்து போய்விட்டார்கள். அதுவும் 1 சதவிகிதம்தான். முதலாவது, விழுந்து விழுந்தும் விட மனசு வராத லெவல். இரண்டாவது, கொட்டாவி. எண்ணைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்!

இன்னும் ஒரு கணக்கு. ஒரு லெவலில் 10 தடை. ஒவ்வொன்றையும் பத்துக்கு ஒன்பது தடவை தாண்டிவிடுகிற சமர்த்தர் நீங்கள். பத்தையும் ஒரே மூச்சில் தாண்ட வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ பத்து தடவை பெருக்கிப் பாருங்கள். சுமார் 35 சதவிகிதம். மூன்று தடவைக்கு ஒரு தடவை. அதே மாதிரி தடை 20 என்றால்? 12 சதவிகிதம். எட்டு தடவைக்கு ஒரு தடவை. எந்தத் தடையும் துளிகூடக் கஷ்டமாகவில்லை. நீளம்தான் கூடியது. நீளமே கஷ்டமாகிவிட்டது.

நடுவில் ஒரு செக்பாயின்ட் கொடி நட்டுவிட்டால்? முதல் பாதிக்கு மூன்று தடவை, அடுத்த பாதிக்கு மூன்று தடவை. அவ்வளவுதான், வேலை முடிந்தது. கொடி இல்லாவிட்டால் எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் முதல் படியிலிருந்து. ஒரே ஒரு கொடி! லெவல் கட்டுகிறவர் மனசில் ஈரம் இருக்கிறதா என்பதை அந்தக் கொடியை வைத்துச் சொல்லிவிடலாம்.

தெரியாமல் விழுவது, தெரிந்தே விழுவது

போன மாசம் ஒரு சனிக்கிழமை அக்கவுன்ட்ஸ் நண்பர், ஆறாம் வகுப்புப் படிக்கும் பையனோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் கையிலும் ஒரே லெவலைக் கொடுத்துவிட்டு நான் நோட்டோடு உட்கார்ந்தேன்.

முதல் குழிக்குமேல் மறைவுக் கட்டை. இரண்டு பேருமே விழுந்தார்கள். "இது அநியாயம்ப்பா, கண்ணுக்கே தெரியலையே!" என்றார் நண்பர். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை ஒரு எட்டு தள்ளி நின்று தாவினான். கட்டை அவ்வளவுதான், பல் பிடுங்கிய பாம்பு. அப்புறம் ஒரு சுழல் தாவல். சரியான நொடியில் பட்டனை அழுத்தி, எதிரியின் தலையில் மிதித்து எழும்பவேண்டும். அங்கே பையன் விழுந்தான், விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். கஷ்டமா என்று கேட்டேன்.

"ஈஸிதான் அங்கிள். என்ன பண்ணணும்னு தெரியுது. கைதான் சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது!"

ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டியதை அந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். கஷ்டம் இரண்டு வகை. ஒன்று தெரியாததால் வருவது. அது ஒரே விழுகையில் தீர்ந்துவிடும். இன்னொன்று கைக்கு வராததால் வருவது. அது பழகப் பழகத்தான் கரையும். 'ஐம்பது தடவை விழுந்தார்' என்ற எண்ணில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஐம்பது புதுப் பொறிகளில் ஒவ்வொரு தடவை விழுந்தாரா, ஒரே தாவலில் ஐம்பது தடவை விழுந்தாரா? எங்கே விழுந்தார் என்பதைக் குறிக்காத கணக்கு பாதிக் கணக்கு.

கஷ்டத்தை அளக்க முடியாத ஒரே ஆசாமி, லெவலைக் கட்டியவர். அவருக்கு ஒவ்வொரு பொறியும் சொந்த வீட்டுப் படிக்கட்டு. இருட்டிலும் இறங்குவார். 'ரொம்ப சிம்பிள்ப்பா' என்பார். (நமக்கு ஒரு வேலையைக் கொடுத்து, 'அரை மணி நேர வேலைதானே' என்று சொல்கிற மேலதிகாரிகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!) அதனால்தான் கைஸோ ஆட்டங்களுக்கு, கட்டியவர் சொல்வதை மட்டும் நம்பாமல், மற்றவர்களும் ஆடிப் பார்த்து, புதுமுகத்திலிருந்து கிராண்ட்மாஸ்டர் வரை படிப்படியாகத் தரம் பிரிக்கிறார்கள்.

கீரைக் கதை

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம்.

'மரியோ மேக்கர்' ஒரு நல்ல சட்டம் வைத்திருந்தது. லெவலைக் கட்டியவர் தானே ஒருமுறை ஆடி முடித்தால்தான் வெளியிடலாம். அதாவது ஒவ்வொரு லெவலும் ஒரு சத்தியம்: 'மனுஷனால் இது முடியும். நான் முடித்தேன்.' சிலர் தங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியக் கதவு வைத்து அந்தச் சட்டத்தை ஏமாற்றியது உண்டு. அதுவும் ஒரு வழிதானே, தேடினால் மற்றவருக்கும் கிடைக்கும்.

2017-ல் 'டீம் ஜீரோ பர்சென்ட்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. யாருமே முடிக்காத, பூஜ்ய சதவிகித லெவல்களைத் தேடித் தேடி முடிப்பது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. ஆயிரக்கணக்கில் முடித்தார்கள். அதற்குள் நின்டென்டோ, அந்தப் பழைய மெஷினுக்கான சர்வரை 2024 ஏப்ரல் 8-ல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. அதற்குள் முடிக்கவேண்டும்! மார்ச்சில் மிச்சம் இரண்டு. அதில் 'தி லாஸ்ட் டான்ஸ்' வீழ்ந்தது. பாக்கி நம் கீரை மட்டும்.

அந்த நேரத்தில் அதைக் கட்டியவர் வாயைத் திறந்தார். அன்றைக்கு அதை முடித்தது அவர் விரல்கள் இல்லையாம். எந்த நொடியில் எந்த பட்டன் என்று முன்கூட்டியே எழுதிவைத்த வரிசையை, ஒரு கருவி அழுத்தியதாம்!

மெஷினை வைத்து ஆடுவது பாவமில்லை. அது தனிக் கலை. 'இது மெஷின் ஆடியது' என்று சொல்லிவிட்டு ஆடுகிறவர்களை நானே வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே அது மனிதக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அதை நம்பிப் பல பேர், மணிக்கணக்கில், நாள்கணக்கில், தாவித் தாவி விழுந்துகொண்டிருந்தார்கள். முடியும் என்று ஒருத்தர் காட்டியிருக்கிறாரே என்ற ஒரே தைரியத்தில்!

அந்தக் கூட்டம், 'அப்படியானால் நியாயமான கடைசி லெவல் லாஸ்ட் டான்ஸ்தான், வேலை முடிந்தது' என்று அறிவித்தது. கணக்குப்படி சரி. கடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

ஒருத்தர் போகவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி, சர்வர் மூட மூன்றே நாள் இருக்கும்போது, பல பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, தன் சொந்தக் கையால் அதை முடித்தார்.

லெவலில் ஒரு செங்கல் மாறவில்லை. 2017-ல் இருந்த அதே குழி, அதே மேடை. கை மாறியது. கஷ்டம் என்பது லெவலுக்குள் மட்டும் இல்லை, லெவலுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிறது. பூஜ்யம் என்ற எண், 'முடியாது' என்று ஒருபோதும் சொன்னதில்லை. 'இன்னும் முடியவில்லை' என்றுதான் சொன்னது. ஆனால் அந்த எண் யாருடைய கையெழுத்தோடு வருகிறது என்பது முக்கியம். பொய்க் கையெழுத்து போட்டால் அளவுகோலே வளைந்துவிடும்.

இந்தக் கதையை மதிய டிபன் நேரத்தில் அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டவர், நிமிர்ந்து பார்த்து ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்:

"வவுச்சர் இல்லாத தொகை ஆடிட்ல நிக்காதுப்பா. அந்த நோட்டைத் தொலைச்சுடாதே!"